ஐந்தாவது காரியம்

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் காலை எட்டு மணிக்கு இருதயமேரி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். தமிழ்வாணி டீச்சர்.

அவனியாபுரத்தின் அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருவிலுமாகப் பதினைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள். அவற்றுக்கு அன்பியம் என்று ஒரு ஜெபக் குழு. அந்த அன்பியத்துக்குத் தமிழ்வாணி தலைவி. ஜெபக்கூட்டம், வேளாங்கண்ணிப் பயணம், சண்டை, சமாதானம் எல்லாம் அவள் பொறுப்பு.

அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்பது இருதயமேரிக்குத் தெரியும். எட்டு நாளாக எதிர்பார்த்ததுதான்.

போன வாரம் புதன்கிழமை அவளுடைய கொழுந்தன் பிலவேந்திரன் இந்த வீட்டுப் படியேறினான். இரண்டரை வருடத்தில் முதல் தடவை. சமையலறை வாசலில் நின்று, "மதினி, அன்னைக்கு வண்டிய ஓட்டுனது நான்தான். அலோசியஸ் இல்ல" என்றான்.

அன்றைக்கு என்றால், வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போன வேன் ஊர் திரும்பிய அன்றைக்கு. விடிகிற நேரத்தில், மேலூருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்புறத்தில் வேன் மோதியது. இரண்டு பேர் செத்தார்கள். ஒருவன் இருதயமேரியின் ஒரே மகன் அலோசியஸ், வயது இருபத்திரண்டு. மற்றவர் அடுத்த தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பேயாண்டி. மனைவியின் வயிற்றுக் கட்டி கரைந்ததற்காக மாதாவுக்கு மொட்டை போட நேர்ந்துகொண்டு, கிறிஸ்தவக் கூட்டத்தோடு கூட்டமாக வந்த இந்து.

வேன் பிலவேந்திரனுடையது. ஒடிந்த கையோடு ரோட்டோரம் உட்கார்ந்து அவன் போலீஸிடம் சொன்னது இதுதான். "கொஞ்ச தூரம் நான் ஓட்டுறேன் சித்தப்பான்னு பையன் ஆசையாக் கேட்டான். குடுத்துட்டேன்." வேனில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். செத்தவன் எழுந்து மறுக்கப்போவதில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

இருதயமேரியும் அதை நம்பினாள். பிள்ளை கையில் வண்டியைக் கொடுத்தவனோடு பேச்சை நிறுத்தினாள். யாருக்கும் தெரியாமல், மகன் மேலும் கோபப்பட்டாள்.

இப்போது வந்து நின்று உண்மையைச் சொன்ன பிலவேந்திரன் அடுத்துச் சொன்னது அவளுக்கு இன்னும் காதில் இருந்தது.

"பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் மதினி. சாமியார் மன்னிப்புக் குடுத்துட்டாரு. நீங்களும் மன்னிச்சிட்டா முடிஞ்சிரும்."

அவனுடைய மூத்த மகளுக்குக் கல்யாணம். ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்கள். பெரியப்பா வீட்டோடு ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்களாம்.

அவள் "போ" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அதன்பிறகு எட்டு நாள் அந்த உண்மையை வயிற்றில் வைத்துக்கொண்டு நடமாடினாள்.

"மேரியக்கா" என்று கீழிருந்து கூப்பிட்டாள் தமிழ்வாணி. "மேல வரவா, நீங்க வாரீகளா?"

"வாரேன், இரு."

தமிழ்வாணி கையில் ஒரு தாள் இருந்தது. "இன்னைக்குச் சாயங்காலம் பூசையில பாதம் கழுவுறதுக்குப் பன்னெண்டு பேர் லிஸ்ட் வந்திருச்சு. நம்ம அன்பியத்துல இருந்து யாரு தெரியுமாக்கா?"

"பிலவேந்திரன்."

"எப்பிடிச் சொன்னீக?"

"உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

தமிழ்வாணி சிரித்துக்கொண்டே வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். "சமாதானம் சொல்லிக்கிற நேரத்துல அவரு எந்திரிச்சு உங்க பக்கம் வருவாரு. நீங்க பேசவெல்லாம் வேணாம். கையப் பிடிச்சாப் போதும். அம்புட்டுத்தான். ஊரே பாக்கும். எல்லாருக்கும் ஒரு நிம்மதி."

"ஊருக்கு நிம்மதி வேணும்னு நான் கையப் பிடிக்கணுமா?"

"அப்பிடிச் சொல்லலக்கா. இம்புட்டு நாள் பகையோட இருந்தது போதாதா? அதுவும் நீங்க. புது நன்மை வாங்குற பிள்ளைகளுக்குப் பதினெட்டு வருசமா ஞானோபதேச வகுப்பு எடுக்குறீக."

"எடுக்குறேன்ல. அப்ப ஒரு கேள்வி கேக்குறேன், பதில் சொல்லு. நல்ல பாவசங்கீர்த்தனம் பண்ண எத்தன காரியம் வேணும்?"

"என்னையப் பரீட்சை வைக்கிறீகளா?" தமிழ்வாணி விரலை மடக்கினாள். "பாவத்த நெனச்சுப் பாக்கணும். மனஸ்தாபப்படணும். இனிமே செய்ய மாட்டேன்னு தீர்மானிக்கணும். சாமியார்கிட்டச் சொல்லணும்."

"நாலு ஆச்சு."

"சாமியார் குடுத்த அபராதத்தத் தீர்க்கணும்."

"தீர்த்துட்டானா?"

"அது அவருக்கும் சாமியாருக்கும் உள்ளது. நமக்கு என்னக்கா தெரியும்?" தமிழ்வாணி தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "வந்திருங்கக்கா. ஆறரை மணிக்கு."

அவள் போனதும் இருதயமேரி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கணவன் சந்தியாகு குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். அவனுடைய லேத் பட்டறைக்கு இன்று விடுமுறை இல்லை. பெரிய வெள்ளிக்குத்தான் விடுமுறை. இரண்டாவது தோசையை வைத்துவிட்டு அவள் சொன்னாள்.

"உங்க தம்பி போன புதன்கிழமை வந்தான்."

"ம்."

"வண்டிய ஓட்டுனது அவனாம்."

தோசையைப் பிய்த்த கை அப்படியே நின்றது. இருதயமேரி காத்திருந்தாள். தட்டு பறக்கும் என்று நினைத்திருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு ஓடுவான், கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும் என்றுகூட நினைத்திருந்தாள். எட்டு நாள் அவனிடம் சொல்லாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

சந்தியாகு சட்னியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"ஆஸ்பத்திரியில வச்சுச் சொன்னான்."

"என்னைக்கு?"

"மறுநாளு."

அடக்கம் நடந்த நாள் அது. அவள் அடுப்பை அணைத்தாள்.

"அவனுக்கு மூணும் பொம்பளப் பிள்ளைக மேரி" என்றான் சந்தியாகு. குரல் தட்டுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "குடிச்சிருந்தான். உள்ள தூக்கிப் போட்டா எத்தன வருசம்னு யாருக்குத் தெரியும். அதுக தெருவுல நிக்கும். நம்ம பையன் போயிட்டான். போனவன யாரு பிடிச்சு ஜெயில்ல போடப்போறா? போனவன் பேரு கெட்டா அவனுக்கு வலிக்கவா போகுது?"

"எனக்கு வலிச்சுச்சு."

அவன் தட்டை ஓரமாகத் தள்ளினான்.

"போட்டோ முன்னால நின்னு, ஏன்டா அந்த வண்டியத் தொட்டேன்னு எத்தன நாள் கேட்டிருப்பேன். நீங்க அடுத்த ரூம்புலதான் இருந்தீங்க."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

இதை அவன் கொடுமையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இருபத்தாறு வருடம் ஒரே பாயில் படுத்த மனிதன், பூட்டிய பெட்டிபோல உட்கார்ந்திருந்தான்.

இருதயமேரி சேலையை மாற்றிக்கொண்டு குடையை எடுத்தாள்.

"எங்க போற?"

"பாவசங்கீர்த்தனத்துக்கு."

"மன்னிக்கப்போறியா?"

"என் பாவத்தச் சொல்லப்போறேன். உங்க வீட்டுப் பாவத்தச் சொல்லப்போகல."

*

கோயிலில் நீளமான வரிசை. பெரிய வாரத்தில் எல்லோருக்கும் பாவம் ஞாபகம் வந்துவிடும் என்று அவள் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு. இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னால் நின்ற பெண் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். பின்னால் யாரோ ஜெபமாலை உருட்டினார்கள்.

பங்குச் சாமியார் மிக்கேல் அடிகளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். காலையிலிருந்து பேசிப் பேசி அவர் குரல் கம்மியிருந்தது. இருதயமேரி மரத்தடுப்புக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டாள்.

"பாவியாயிருக்கிற என்னை ஆசீர்வதியுங்கள் சாமி. நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி ஒரு மாசமாச்சு."

"சொல்லுங்கம்மா."

"ஒரே ஒரு பாவம். ஒரு பொம்பளைக்குத் தெரிய வேண்டிய உண்மை எனக்கு எட்டு நாளாத் தெரியும். அவகிட்டச் சொல்லல. குடும்ப மானம், கல்யாணம், இதையெல்லாம் நெனச்சுச் சும்மா இருந்துட்டேன்."

"வேற?"

"வேற இல்ல."

"யார் மேலயாவது பகை, வருத்தம்..."

"இருக்கு. அதப் பாவமாச் சொல்ல வரல சாமி."

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி அசைந்தது.

"ஒருத்தர் என்கிட்ட வந்து, சாமியார் மன்னிச்சிட்டாரு, நீங்களும் மன்னிங்கன்னு கேட்டாரு" என்றாள்.

"அம்மா, யாரு வந்தாங்க, வரலங்கறதையே நான் சொல்ல மாட்டேன். என் கழுத்த அறுத்தாலும் சொல்ல மாட்டேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்கன்னு அவருக்கும் தெரியும். அதான் உங்ககிட்டச் சொல்லியிருக்காரு. நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்கன்னும் தெரியும். அதான் என்கிட்டச் சொல்லியிருக்காரு. யாருகிட்டச் சொல்லணுமோ அவள விட்டுட்டாரு." மூச்சு விட்டுக்கொண்டாள். "அவரப் பத்திக் கேக்கல. பொதுவாக் கேக்குறேன். ஒருத்தன் இன்னொருத்தரு பேரக் கெடுத்திட்டான். என்ன செய்யணும்?"

"திருடுன பொருளத் திருப்பிக் குடுக்கிற மாதிரி, பேரையும் திருப்பிக் குடுக்கணும். எங்க கெடுத்தானோ அங்கயே."

"குடுக்காம மன்னிப்புக் கேட்டா?"

"குடுக்கணுங்கற எண்ணமே இல்லாமக் கேட்டா, அவன் கேட்டது மன்னிப்பே இல்லம்மா." பிறகு மெதுவாகச் சேர்த்தார். "ஆனா அவன் திருப்பிக் குடுக்கிற வரைக்கும் உங்க மனசுல கல்லத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கணும்னு இல்ல. மன்னிக்கிறது உங்களுக்காக. ஆண்டவர் சிலுவையில தொங்கிக்கிட்டே மன்னிச்சாரு. அவரோட பிதாவும் மன்னிச்சாரு."

"பிதாவுக்கு மூணாம் நாள் மகன் திரும்பி வந்துட்டான் சாமி. எனக்கு மூணாம் வருசம் நடக்குது."

இதற்கு அடிகளார் பதில் சொல்லாமல் இருந்ததற்காக இருதயமேரி பிற்பாடு வெகுநாள் அவரை மதித்தாள்.

"அபராதமாப் பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்க" என்றார்.

"அது காணாது சாமி."

"அபராதத்துக்குப் பேரம் பேசுறதில்லம்மா."

"கொறைக்கச் சொல்லித்தான் பேரம் பேசுவாங்க. நான் கூட்டிக் கேக்குறேன். அந்தப் பொம்பளகிட்டப் போய் உண்மையச் சொல்லுன்னு அபராதம் குடுங்க."

"அத நான் குடுக்க முடியாது." வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தார். "ஏன் முடியாதுன்னும் சொல்ல முடியாது. ஆனா நீங்களாச் செய்யிற நல்லதுக்கு என் உத்தரவு எதுக்கு?"

பாவமன்னிப்பு ஜெபத்தை முடித்து, "சமாதானமாப் போங்க" என்றார்.

"சமாதானமாப் போகல சாமி" என்றாள் எழுந்துகொண்டே. "ஆனா போறேன்."

*

பேயாண்டியின் மனைவி முருகம்மாள் புங்கமரத்தடியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வைத்திருந்த வண்டிதான். தகரக் கூரை மட்டும் புதியது. பலகை ஓரத்தில் வெள்ளை வேட்டிகள் அடுக்கிக் கிடந்தன.

ஒரு காலத்தில் இருவரும் நாளுக்கு நான்கு வார்த்தை பேசாமல் இருந்ததில்லை. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னதே இருதயமேரிதான். விபத்துக்குப் பிறகு முருகம்மாள் அவள் வீட்டுத் துணியை வாங்குவதில்லை. 'விளையாட்டுக்கு வண்டியப் பிடிச்சு எம்புருசனக் கொன்னவன் வீடு' என்று தெருக்குழாயடியில் அவள் சொன்னதை யாரோ கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

"முருகம்மா."

அவள் நிமிரவில்லை. "இன்னைக்குக் கோயில் வேட்டி நெறைய. வேற துணி வாங்கல."

"துணி இல்ல. பேசணும்."

"இனிமே என்ன பேச்சு?"

இருதயமேரி சுற்றி வளைக்கவில்லை. போன புதன்கிழமை பிலவேந்திரன் வந்தது, நின்றது, சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். இன்று காலை சந்தியாகு சொன்னதையும் மறைக்கவில்லை. முருகம்மாள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும் சிரித்தாள்.

"நல்லாத்தான் சோடிச்சிருக்கீக. செத்த மகனக் குளிப்பாட்ட உசுரோட இருக்கிறவன் மேல அழுக்கத் தள்ளுறீக."

"அவன் தள்ளுனத நான் எடுத்துப் போடுறேன்."

"சாட்சி?"

"அவன் வாயி."

"அவன் வாயால சொன்னா நம்புறேன். நீ சொன்னா எப்பிடி நம்ப? நீ தாயி. உன் எடத்துல நான் இருந்தா நானும் இதத்தான் சொல்லுவேன்."

"சரி. அதுக்குத்தான் கூப்புட வந்திருக்கேன். சாயங்காலம் கோயிலுக்கு வா. முன்னால எம்பக்கத்துல உக்காரு. நீ ஒண்ணும் பேச வேணாம். உன் மூஞ்சிய அவன் பாக்கட்டும்."

"உங்க கோயிலுக்கா?" முருகம்மாளின் குரல் ஏறியது. "அவரு உங்க மாதாவப் பாக்கப் போயித்தான நான் இப்பிடி நிக்கிறேன்."

"ஆமா. நான்தான் போகச் சொன்னேன். அதையும் நான் மறக்கல."

ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் இறக்கிவிட்டுப் போனது. முருகம்மாள் பலகையில் பாதி மடிப்போடு கிடந்த வேட்டியைக் கையால் தடவினாள்.

"இது யாரோட வேட்டின்னு தெரியுமா?"

இருதயமேரி அதைப் பார்த்தாள்.

"அவனோடதுதான். காலையில கொண்டாந்து குடுத்துட்டு, முருகம்மா, மடிப்பு கத்தி மாதிரி நிக்கணும், சாமியார் என் காலக் கழுவப்போறாருன்னான். ரெண்டரை வருசமா எங்கிட்டத்தான் துணி போடுறான். கேட்டதுக்கு மேல வச்சிட்டுப் போவான். கிறிஸ்மஸ்க்குக் கேக்கு, பொங்கலுக்குக் கரும்பு. மழையில கூரை பறந்தப்ப அவந்தான் தகரம் போட்டுக் குடுத்தான்." தலையை மேலே தூக்கிக் கூரையைப் பார்த்தாள். "எம்புட்டு நல்ல மனுசன்னு நெனச்சிருந்தேன்."

"நல்ல மனுசனாவும் இருக்கலாம்" என்றாள் இருதயமேரி. "அது எனக்கு வேண்டியதில்ல. எம்மகன் பேரு எனக்கு வேணும்."

முருகம்மாள் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். அந்த வேட்டியை முழுக்கத் தேய்த்து, ஓரம் சேர்த்து, கத்திபோல மடித்து அடுக்கின்மேல் வைத்தாள்.

"எத்தன மணிக்குப் பூசை?"

*

பெரிய வியாழன் பூசையில் உன்னத கீதம் பாடும்போது மணியெல்லாம் ஒன்றாக அடிப்பார்கள். அதன்பிறகு உயிர்ப்புத் திருவிழா வரை மணிக்கு நாக்கில்லை. மரக்கட்டையைத் தட்டித்தான் எல்லாம் நடக்கும்.

மணி அடித்து ஓய்ந்தபோது இருதயமேரியும் முருகம்மாளும் பெண்கள் பக்கம் முதல் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முருகம்மாள் நெற்றிக் குங்குமத்தை அழிக்கவில்லை. இரண்டு மூன்று தலைகள் திரும்பிப் பார்த்தன. பார்க்கட்டும் என்று இருந்தாள். கணவன் செத்த பிறகும் அவள் குங்குமம் வைப்பதை நிறுத்தவில்லை என்பது வேறு கதை. அதற்கும் தெருவில் பேச்சு வாங்கியவள்தான்.

பீடத்துக்கு முன்னால், இயேசு பாதம் கழுவிய சீடர்கள் கணக்கில் பன்னிரண்டு நாற்காலி. பன்னிரண்டு ஆண்கள், பன்னிரண்டு வெள்ளை வேட்டி. ஏழாவது நாற்காலியில் பிலவேந்திரன். காலைத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தான். நகம்கூட வெட்டியிருந்தான். குனிந்தே உட்கார்ந்திருந்ததால் முன்வரிசையை அவன் கவனிக்கவில்லை.

பிரசங்கம் முடிந்தது. அடிகளார் மேலாடையைக் கழற்றினார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, குடமும் தாம்பாளமுமாக முதல் ஆளின் காலடியில் மண்டியிட்டார். பாடகர் குழு பாட ஆரம்பித்தது. பாட்டை எடுத்துக் கொடுத்தவள் தமிழ்வாணி.

ஒன்று, இரண்டு, மூன்று. தண்ணீர் ஊற்றி, துடைத்து, பாதத்தை முத்தமிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். ஐந்தாவது ஆள் தையல்காரர், கூச்சத்தில் நெளிந்தார். ஆறாவது ஆளின் காலைத் துடைக்கும்போது பிலவேந்திரன் தன் முறை வருகிறதென்று நிமிர்ந்தான்.

முருகம்மாளைப் பார்த்தான்.

அவள் எதுவும் செய்யவில்லை. சம்மணமிட்டு, மடியில் கை வைத்து, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருதயமேரியும் அசையவில்லை.

அடிகளார் அவன் முன்னால் மண்டியிட்டுத் தாம்பாளத்தை நகர்த்தினார். பிலவேந்திரன் வலது காலை முன்னால் வைத்தான். பிறகு அதை மெல்ல இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"காலை நீட்டுங்க" என்றார் அடிகளார், தாழ்ந்த குரலில்.

அவன் நீட்டவில்லை. குடம் அப்படியே நின்றது. பாட்டு முடிந்துபோய், குழு மறுபடி முதலடியிலிருந்து பிடித்தது. பிலவேந்திரன் எழுந்தான். யாரையும் பார்க்காமல் பக்கவாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தான்.

பக்கவாசலில் சந்தியாகு நின்றிருந்தான். பட்டறை எண்ணெய் போகாத சட்டை. அவன் வந்ததே இருதயமேரிக்குத் தெரியாது.

"எங்கடா போற?"

"விடுண்ணே."

"விட்டுத்தான்டா இம்புட்டும்."

தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தான். லேத் பிடித்த கை. பிலவேந்திரன் ஒரு தரம் உதறிப் பார்த்தான், பிறகு கூடவே வந்தான். பெண்கள் பக்கத்துப் பாய்கள் விலகி வழிவிட்டன. முருகம்மாளின் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சந்தியாகு கேட்டான்.

"நான் சொல்லவா, நீ சொல்றியா?"

பாட்டு நின்றுவிட்டது. மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"வண்டிய ஓட்டுனது நான் முருகம்மா" என்றான் பிலவேந்திரன். "திருச்சி தாண்டி எறங்கிக் குடிச்சிருந்தேன். அலோசியஸ் பக்கத்துச் சீட்டுல தூங்கிக்கிட்டிருந்தான். அவன் எங்கிட்ட வண்டியக் கேக்கவே இல்ல."

நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவர், "பூசைக்கு நடுவுல இது என்னப்பா" என்று எழுந்தார்.

"உக்காருங்க ஐயா" என்றார் அடிகளார். அவர் இன்னும் ஏழாவது நாற்காலிக்கு முன்னால் முழங்காலில்தான் இருந்தார்.

பிலவேந்திரன் மண்டியிட்டான். முகம் தானாக இருதயமேரி பக்கம் திரும்பியது. "மதினி..."

எத்தனையோ கண்கள் அவள் கையைப் பார்த்தன. எட்டு நாளாக, இல்லை, இரண்டரை வருடமாக எல்லோரும் கேட்ட அந்தக் கை. அவள் அதை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"என்னைய ஏன் பாக்குற? மொதல்ல அவ. அப்பறம் போலீஸ் ஸ்டேசன். எங்கெல்லாம் எம்மகன் பேரச் சொன்னியோ அங்கெல்லாம் போயி உன் பேரச் சொல்லிட்டு வா. நான் கடைசி."

"மேரி" என்றான் சந்தியாகு.

"நீங்க அவனுக்குப் பின்னால நில்லுங்க."

அலோசியஸ் இந்தக் கோயிலில்தான் ஞானஸ்நானம் பெற்றான். தலையில் தண்ணீர் ஊற்றியபோது ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறினான். அந்தப் பெயரை இதே சுவருக்குள் இன்றைக்கு ஒருவன் சுத்தமாக உச்சரித்துவிட்டான். அவளுக்கு அழுகை வந்தது. அதை யாருக்கும் காட்டுவதாக இல்லை.

முருகம்மாளின் கண்ணில் தண்ணீர் இல்லை. காலடியில் மண்டியிட்டிருந்தவனை, ஏதோ கறையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"மன்னிப்பு எல்லாம் அப்பறம்" என்றாள். "எனக்கு ஒண்ணு தெரியணும். உனக்குத் தெரியும். உங்க அண்ணனுக்குத் தெரியும். இன்னும் எம்புட்டுப் பேருக்குத் தெரியும்?"

பிலவேந்திரனின் கண் ஒரு தரம் மேலே போனது. முருகம்மாளின் தலைக்கு மேல், பெண்களைத் தாண்டி, பாடகர் குழு நின்ற இடத்துக்கு.

இருதயமேரி திரும்பினாள். வேளாங்கண்ணிப் பயணத்துக்கு ஆள் சேர்த்தவள், வேனில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சீட்டு எழுதியவள், டிரைவருக்கு நேர் பின்னால் இடம் பிடித்துக்கொண்டவள், பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

"நான் தூங்கிட்டேன்க்கா" என்றாள் தமிழ்வாணி.